மாமியார் கழுவிய டிரம்

மாப்பிள்ளை சந்தையிலிருந்து திரும்பியபோது, கொல்லைப்புறத்தில் நீல டிரம் தலைகீழாகக் கவிழ்ந்து வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. காலையில் அது முக்கால்வாசி நிரம்பியிருந்தது.

“அத்தை! இதுல இருந்தது எங்கே?”

“சாக்கடையில,” என்றார் மாமியார், கையுறையைக் கழற்றியபடி. “நாத்தம் குடலைப் பிடுங்கிச்சு. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சேன். நன்றியெல்லாம் வேண்டாம்.”

“அது பாக்டீரியா அத்தை!”

“தெரியுது. அதனாலதானே கொட்டினேன்?”

“நான் வளர்த்தது!”

மாமியார் ஓய்வு பெற்ற நர்ஸ். ஆபரேஷன் தியேட்டரில் கத்தியையும் கத்தரிக்கோலையும் கொதிக்க வைத்தே காலம் தள்ளியவர். மகள் வீட்டுக்கு வந்ததும் காபிகூடக் குடிக்காமல் கதவுக் கைப்பிடிகளைத் துடைத்தவர்.

“ஆயுசு பூரா இதுங்களைக் கொன்னு சம்பளம் வாங்கினேன். நீங்க என்னடான்னா காசு கொடுத்து வாங்கி வளர்க்கிறீங்க!”

“தாலாட்டு ஒண்ணுதாம்மா பாக்கி,” என்று மகள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. நிழல்வலைக் கூடாரத்தில் தட்டுத் தட்டாகத் தக்காளி நாற்று நின்றது. போன இரண்டு முறையும் இலை விட்ட கையோடு தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டது. மொத்தமாக வாங்குபவர் பசுமைக்குடில்காரர் ஒருவர்தான். இந்த முறையும் சாய்ந்தால் வேறு பண்ணையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் நாற்றுப் பண்ணையை மூடிவிட்டு மச்சானின் ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுக்க வேண்டியதுதான். மச்சான் அதற்கென்று ஒரு ஸ்டூல்கூட வாங்கிப் போட்டுவிட்டார்.

“இது நல்ல பாக்டீரியா அத்தை. வேரைச் சுத்திக் குடியிருக்கும். அழுகல் நோயைக் கிட்ட விடாது. செடியும் மதமதன்னு வளரும்.”

“போன தடவையும் ஊத்துனீங்களா?”

“ஊத்தினேன்.”

“இதே நாத்தமா?”

“இதைவிட ஜாஸ்தி. நல்லாப் பெருகியிருக்குன்னு சந்தோஷப்பட்டேன்.”

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “எப்படி வளர்த்தீங்க?”

டிரம்மில் தொட்டித் தண்ணீர், சர்க்கரைப்பாகு, பாட்டிலில் வாங்கிய பாக்டீரியா. கையில் அகப்பட்ட குச்சியால் ஒரு கலக்கு. அவ்வளவுதான்.

“டிரம்மைக் கழுவுனீங்களா?”

“எதுக்கு? பழையபடி அதேதானே ஊத்தப் போறோம்?”

“மூடி?”

“மூடி மேல பூனை தூங்குது. பாவமா இருந்துச்சு.”

மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். “மாப்பிள்ளை, சர்க்கரைத் தண்ணியைத் திறந்து வெச்சா கண்டதும் விருந்துக்கு வரும். உங்க ஆளுக்கு உட்கார இடமே கிடைச்சிருக்காது. நீங்க செடிக்கு ஊத்தினது அழையாம வந்த கூட்டத்தை!”

மாப்பிள்ளை மூடி மேல் தூங்கிய பூனையை முறைத்தார்.

“பாட்டில்ல மிச்சம் இருக்கா?”

“கொஞ்சூண்டு.”

“போதும். போய் நகத்தை வெட்டிட்டு வாங்க.”

அடுப்படி ஆபரேஷன் தியேட்டரானது. பாகு கரைத்த தண்ணீர் பெரிய பாத்திரத்தில் கொதித்து, மூடியபடியே ஆறியது. பிளீச்சிங் வாடை போகும்வரை டிரம்மை அலசி, வெந்நீரும் காட்டினார்கள். பிறகுதான் பாகுத் தண்ணீரும் பாட்டிலில் மிஞ்சிய பாக்டீரியாவும் உள்ளே போயின. மகள் ஒரு தும்மல் போட்டாள்; உடனே வெளியேற்றப்பட்டாள். பூனை தானாகவே இடத்தைக் காலி செய்தது.

சில நாள் கழித்து மூடியைத் திறந்தபோது நாற்றம் இல்லை, லேசான புளிப்பு வாடைதான். மாமியாரே பூவாளியைத் தூக்கினார்.

ஓரத்தட்டில் கொஞ்சம் நாற்று சாய்ந்தது. மாப்பிள்ளை அவற்றைப் பிடுங்கி எறிந்தார். மறுநாள் ஓடிப் போய்ப் பார்த்தார். அதற்கு மேல் பரவவில்லை. மற்றவை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன.

பசுமைக்குடில்காரர் வந்தார். ஒரு நாற்றைப் பிடுங்கினார். வெள்ளை வெளேரென்று வேர் பஞ்சாக அப்பியிருந்தது. இன்னொன்றைப் பிடுங்கினார். அதுவும் அப்படியே.

“மொத்தமும் ஏத்திடுங்க. அடுத்த தடவையும் உங்ககிட்டதான். அப்படி என்ன ஊத்துறீங்க?” என்று டிரம் மூடியில் கை வைக்கப் போனார்.

மாமியார் குறுக்கே வந்து சோப்பை நீட்டினார். “முதல்ல கையைக் கழுவுங்க. உள்ளே நம்ம பிள்ளைங்க இருக்கு.”

மகள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “அண்ணா, அந்த ஸ்டூலை இங்கே அனுப்பிடு. சேச்சே, இவருக்கு இல்ல. டிரம் பக்கத்துல அம்மா உட்காரணுமாம்.”