சரளா பேரில் இருந்த மருந்து

என் மனைவி சரளாவைத் தகனம் செய்துவிட்டு ஜெலாப்பாங் வீட்டுக்குத் திரும்பியபோது சமையலறை ஐஸ்பெட்டியில் மருந்து வைக்கும் கீழ்த்தட்டு காலியாக இருந்தது. துடைத்து வேறு வைத்திருந்தார்கள்.

சீனி சரளாவின் பூனை. அதன் வலது கருவிழியில் காப்பித்தூள் நிறத்தில் பொருக்கு ஒன்று வளர்ந்து, ஈப்போ மிருக டாக்டர் அதைச் சீவி எடுத்திருந்தார். விழி மெலிந்திருக்கிறது, சொட்டு மருந்து தவறினால் ஓட்டை விழுந்து கண்ணே போய்விடும் என்று சரளாவை எச்சரித்திருந்தார். ஒரு குப்பி கிருமிக்கு. மற்றது சீனியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த மஞ்சள் நீர். குளிரில்தான் இருக்க வேண்டும். இரண்டையும் சரளா தன் இன்சுலினோடு வைத்திருந்தாள். கிளினிக்கில் ஒட்டிய சீட்டில் பூனையின் பேர் இல்லை, அவள் பேர்தான்.

பிணம் எடுத்ததும் வீட்டைக் கழுவி, போனவரின் மருந்து மாத்திரைகளை வெளியே போடுவது எங்கள் எஸ்டேட் ஆட்களின் வழக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருந்த என் அக்கா நல்லம்மாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டார். குப்பை லோரியும் வந்து போய்விட்டது.

"அவ பேரு போட்டிருந்துச்சு தம்பி. செத்தவ மருந்த வீட்ல வைக்கலாமா?"

சீனி கட்டிலுக்கடியில், கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு, கண்ணை இறுக்கி மூடிக் கிடந்தது. பூனையைக் கூண்டில் வைத்துவிட்டுக் கார் சாவியைத் தேடினேன். அதை அக்காவின் கணவர் தேவன் கையில் வைத்திருந்தார். கொள்ளி வைத்தவன் மறுநாள் பால் தெளிக்கும்வரை வாசல் தாண்டக்கூடாதாம். உறவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

"பூனைதானே லா மச்சான். நாளைக்குப் போலாம்."

"கல்யாண சர்ட்டிபிகேட்லயும் அவ பேருதான் இருக்கு. என்னையும் குப்பையோட சம்பாத் தொட்டியில போட்டுருங்க."

சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனேன்.

டாக்டர் என் மழித்த தலையைப் பார்த்துவிட்டுச் சீனியின் கண்ணில் விளக்கடித்தார். ஓட்டை விழவில்லை, ஆனால் புண்ணின் ஓரம் கலங்கத் தொடங்கிவிட்டது என்றார். சீனியின் கழுத்தில் மறுபடியும் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஏற்கனவே கொடுத்த ரத்தத்தைத்தான் குப்பையில் கொட்டியிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது அக்கா வாசலில் வாளித் தண்ணீரோடு நின்றார். தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரச் சொன்னார். அவரைத் தாண்டிப் போய்ச் சீனியை மேசையில் இறக்கினேன். தனியாளாய் மருந்து விட முடியாது. சரளா பிடிப்பாள், நான் விடுவேன். அக்காவைக் கூப்பிட்டுத் தலையைப் பிடிக்கச் சொன்னேன்.

"நான் வேணும்னேவா செஞ்சேன்?" என்றார். தலையைத் தொட்டும் தொடாமலும் பிடித்தார்.

"ஆட்டாமப் பிடிங்க."

முதல் சொட்டு விழுந்தது. சீனி உறுமியது. அக்கா கையை எடுக்கப் பார்த்தார்.

"அடுத்த வேளைக்கும் நீங்கதான். அது கண்ணு ஆறுற வரைக்கும் நீங்க சுங்கை சிப்புட்டுக்குப் போக முடியாது."