வள்ளியூர் வரைக்கும்

சித்ரலேகாவின் செல்போன் திரையில் ஒரு சின்ன மஞ்சள் விமானம் அரபிக்கடலைத் தாண்டிக்கொண்டிருந்தது. சான் பிரான்சிஸ்கோவுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே பதினாலாயிரம் கிலோமீட்டர். தோஹாவில் இறங்கி ஏறுவதையும் சேர்த்தால் முழுதாக ஒரு நாள் பயணம். கல்யாணமான மூன்றாம் வாரமே வேலைக்குத் திரும்பிப் போன சிவகணேஷ், தலைத் தீபாவளிக்கு ஐந்து நாள் விடுப்பில் வருகிறான். அவளுக்குத்தான் இன்னும் விசா வரவில்லை.

விமானம் இறங்கியதுமே தச்சநல்லூர் வீட்டில் அடுப்பு பற்றிக்கொண்டது. ரோட்டு வழியாக நாலு மணி நேரம்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டு, தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா ஐயம்பெருமாள் இலை வாங்கப் போனார்.

மத்தியானம் போய் விளக்கேற்றும் நேரத்தில்தான் போன் வந்தது. அவன் வள்ளியூரில் இருந்தான். போகிற வழிதானே, அம்மாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கியவனைப் பாலம்மாள் விடவில்லை. தலைத் தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டுக்கு நேரில் போய்த் தாம்பூலம் வைத்து அழைப்பதுதான் முறை. அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளையை வீடியோவில் அழைத்ததே போதும் என்று அப்பா இருந்துவிட்டார்.

அவசரமாகத் தட்டில் பழமும் வெற்றிலையும் எடுத்துவைத்துக்கொண்டு அப்பா வள்ளியூருக்கு ஓடினார். பாலம்மாள் அவரை உட்காரச் சொல்லவில்லை.

“ஆபீஸ்ல பியூனைக் கூப்பிடுத மாதிரி போன்லயே கூப்பிட்டாச்சு. இப்ப தட்டைத் தூக்கிட்டு வந்தா சரியாப் போச்சா அண்ணாச்சி?”

அப்பா தனியாகத் திரும்பி வந்தார். நடந்ததை அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அம்மா மூலமாகத்தான் சித்ரலேகாவுக்குத் தெரிந்தது.

தீபாவளி விடிந்தது. தெருவெல்லாம் வெடிச்சத்தம். சிவகணேஷ் கூப்பிட்டான்.

“அம்மா பைய சரியாயிருவாங்க சித்ரா. நீ கிளம்பி இங்கன வந்துரு. கார் அனுப்புதேன்.”

“எங்க அப்பா தட்டோட நிக்கையில நீங்க எங்க இருந்தீங்க?”

“மாடியிலதான். அவ்வளவு தூரம் வந்த அலுப்பு. கீழ சத்தம் கேட்டுது, இறங்கி வந்தா பேச்சு வளரும்னு…”

சித்ரலேகாவுக்கு அழுகை வரவில்லை. கடல் கடந்து வந்தவனுக்கு மாடிப்படி இறங்க முடியவில்லை.

“கார் அனுப்ப வேண்டாம்,” என்றாள். “எப்ப வாராரு, எப்ப வாராருன்னு கேட்டவங்ககிட்ட எல்லாம் இத்தனை மாசமும் தூரத்துல இருக்காருன்னு சொல்லிச் சமாளிச்சேன். இனி என்னத்தைச் சொல்ல?”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அங்கே பாலம்மாள் மகனைக் கூப்பிடும் குரல் கேட்டது.

“ஒரு நிமிஷம் சித்ரா,” என்றான்.

அவள் காத்திருக்கவில்லை.