லோரி நிறைய ஹனிமூன்

1

இந்தக் கதை ஒலிபெருக்கியில் பிறந்தது. அதன் மைக்கைக் கையில் பிடித்திருந்த அறிவாளி நான்.

1977. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் உடையப்பன் கல்யாணம். நான் தோட்டப்பள்ளியில் தற்காலிக வாத்தியார். ஆங்கிலம் தெரிந்தவன் என்று பேர் வாங்கியிருந்தேன். (வாங்கியது சுலபம். திருப்பிக் கொடுக்கத்தான் வழி தெரியவில்லை.) வாழ்த்துரையை முடித்துவிட்டு மேடையை விட்டு இறங்கியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"மாப்பிள்ளையும் பொண்ணும் ஞாயித்துக்கிழமை கேமரன் மலைக்கு ஹனிமூன் போறாங்க!"

மாப்பிள்ளையின் அத்தை ராக்காயி எழுந்து நின்றாள்.

"அப்படின்னா என்னா வாத்தியாரே?"

அர்த்தம் எனக்குத் தெரியும். அகராதியில் பார்த்திருந்தேன். ஆனால் முன்வரிசையில் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார்; அவருக்குப் பக்கத்தில் கோயில் பூசாரி. புதுசாகக் கட்டிக்கொண்ட இரண்டு பேர், துணைக்கு யாருமில்லாமல், வெளியூரில் போய்த் தங்குவது என்பதை ஒலிபெருக்கியில் எப்படிச் சொல்ல? பாதி அர்த்தத்தை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னேன்.

"கல்யாணம் முடிஞ்சு மலைக்குப் போய்ட்டு வர்றது. ரொம்ப நல்லது."

"நல்லதுன்னா எல்லாரும் போலாம்லா!" என்றாள் ராக்காயி.

மாலையும் கழுத்துமாக இருந்த உடையப்பன் என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்கலாம். வேண்டாம், இது மகிழ்ச்சியான கதை.

2

உண்மையில் இந்தக் கதைக்கு வேறொரு தொடக்கம் வைத்திருந்தேன்:

'வெண்முகில்கள் மலைமுகட்டைத் தழுவிய அந்த இனிய காலையில் உடையப்பனின் உள்ளம்

அடித்துவிட்டேன். உடையப்பன் லோரி ஓட்டுபவன். உள்ளத்தைக் கிளச்சுக்குப் பக்கத்தில் எங்கேயாவது போட்டு வைத்திருப்பான்; அதை முகிலோடு கோத்தால் வண்டி நகராது.

நியாயமாக, கல்யாணத்துக்கு முந்திய மாதம் காப்பிக்கடையில் அவன் என்னிடம் பேசியதிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது, அவன் குடிக்கவில்லை.

"பொண்ணு பாக்கப் போனேன்ல மச்சான், வீரம்மா ஒரு வார்த்தை பேசல. எல்லாத்துக்கும் அவங்க அம்மாதான் பதில். பேரு என்னான்னு கேட்டாக்கூட அம்மா சொல்லுது."

"வெக்கமா இருக்கும்லா."

"வெக்கம்னா சரி. விருப்பம் இல்லாம இருந்தா? 'அவளுக்குச் சம்மதம்'னு அம்மா சொல்லிருச்சு. சம்மதம் யாருக்கு வேணும்? என்னைப் புடிச்சிருக்கான்னு அவ வாயால கேக்கணும்."

"கல்யாணத்துக்கு அப்புறம் கேளேன்."

"எங்க வீட்டுலயா? எங்க லயத்து வரிசை வீட்டுல ஒருத்தன் இருமினா பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சுக்குக் காப்பி போடுறாங்க மச்சான். நான் அவகிட்ட கேட்டா பதில் ராக்காயி அத்தைதான் சொல்லும்."

அப்போதுதான் நான் துரைசிங்கத்தைப் பற்றிச் சொன்னேன். எங்கள் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர், யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணம் ஆனதும் மனைவி புனிதவதியைக் கூட்டிக்கொண்டு கேமரன் மலைக்குப் போனார். கூட ஒரு ஈ, காக்கா போகவில்லை. இரண்டு பேரும் பேசிப் பேசியே திரும்பி வந்தார்கள்.

"அதுக்குப் பேரு ஹனிமூன்."

உடையப்பன் அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டுப் பார்த்தான். தாப்பா வரைக்கும் ஒரு பஸ், அங்கேயிருந்து மலைக்கு ஒரு பஸ் என்று காப்பிக்கடை மேசையிலேயே விரலால் வழி போட்டான். பக்கத்தில் அவள் உட்கார வேண்டிய இடத்தையும் தொட்டுக் காட்டினான்.

3

மலை ஏறுவதற்கு முன் வாசகரிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உடையப்பன் மனசுக்குள் போய்வருவது எனக்குக் கஷ்டமில்லை, கதவே கிடையாது. வீரம்மாதான் சிக்கல். முதல் பிரதியில் அவளுக்கு மான்விழி வைத்தேன். இரண்டாவது பிரதியில் லோரி ஜன்னலோரம் கண்ணீர் விட வைத்தேன். (லோரியின் பின்பக்கத்தில் ஏது ஜன்னல்?) அவள் என்ன நினைத்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை, அன்றைக்கு யாருக்குமே தெரியாது. ஆகவே அவள் பேசும்வரை அவளுக்காக எதையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அவளுடைய அம்மா செய்த வேலையை நானும் செய்ய வேண்டாமே.

4

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உடையப்பன் ஒரு பையோடு வெளியே வந்தான். லயத்து வாசலில் அவனுடைய சீன முதலாளி தவுக்கேயின் லோரியே நின்றுகொண்டிருந்தது. ராக்காயியே போய்த் தவுக்கேயிடம் கேட்டிருக்கிறாள். பின்பக்கம் பாய் விரித்து ஜனம் ஏறிவிட்டது. சோற்றுப் பானை, தேங்காய், சூடம், கால் கட்டிய சேவல் ஒன்று. மலைக்கு வெறுங்கையோடு போகலாமா?

"பஸ் எதுக்குடா? நீயே ஓட்டு!" என்றாள் ராக்காயி. "பொண்ணு பின்னால எங்களோட வரட்டும்."

ஆக, தன் ஹனிமூனுக்கு உடையப்பனே டிரைவர். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஈப்போ தாண்டும்வரை அவன் கோபத்தையெல்லாம் கியரில் காட்டினான்.

"அர்த்தத்தை முழுசாச் சொல்லியிருக்கலாம்லா," என்றான் கடைசியில்.

"உங்க மாமனார் முன்னாலயா?"

"அதுக்குப் பேசாம இருந்திருக்கலாம்லா!"

தாப்பாவில் வண்டியை நிறுத்தியதும் ராக்காயி இறங்கி வந்து, "வாத்தியாரே, மேல எந்தச் சாமி?" என்று கேட்டாள். சாமியெல்லாம் இல்லை, குளிர்தான் என்றேன். குளிருக்கு யார் சேவல் நேர்ந்துகொள்வார்கள் என்று அவள் என்னை நம்பவில்லை.

வளைந்து வளைந்து ஏறும் பாதை. பின்னால் அரோகராவும் வாந்தியும் மாறி மாறிக் கேட்டன. உடையப்பனின் கண்ணாடியில் சேவல் தெரிந்தது, அத்தை தெரிந்தாள், மாமனார் தெரிந்தார். வீரம்மாவின் முந்தானை நுனி மட்டும் ஒரு வளைவில் தெரிந்து அடுத்த வளைவில் மறைந்தது. அதற்காகவே அவன் வளைவுகளில் மெதுவாக ஓட்டினான்.

5

மேலே தேயிலைச் சரிவோரம் ஒரு பெரிய பாறையைக் கண்டுபிடித்து, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். ராக்காயி தேங்காய் உடைத்தாள். சேவலின் கட்டை அவிழ்க்கும்போது பனிமூட்டம் இறங்கியது.

இறங்கியது என்றால், நீட்டிய கை தெரியவில்லை. சேவல் ஓடிவிட்டது. (அது இன்னும் கேமரன் மலையில் சந்ததியோடு வாழ்வதாக நம்புகிறேன்.)

ராக்காயி கத்தினாள்: "யாரும் நகராதீங்க! பேரு சொன்னா சத்தம் குடுங்க!"

உடையப்பன் நகர்ந்தான். பாறையைத் தடவிக்கொண்டே போனான். ஒரு வளையல் சத்தம் கேட்டது. நின்றான். முகம் தெரியவில்லை, தெரியாததே தைரியமாக இருந்தது.

"வீரம்மா?"

"ம்."

"என்னைப் புடிச்சிருக்கா? நெசத்தைச் சொல்லு. இல்லைன்னாலும் நான் கோவிக்க மாட்டேன்."

இரண்டடி தள்ளி, பாறைக்கு மறுபக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தொண்டையைச் செருமினாள். வாய் திறந்தாள்.

"வாத்தியாரே!" என்று கூப்பிட்டாள் ராக்காயி.

"உள்ளேன் அம்மா!" என்று பள்ளிக்கூடப் பழக்கத்தில் அலறினேன் நான்.

வீரம்மா சொன்னது என் அலறலுக்குள் போய்விட்டது.

6

இனி முடிவுகள்.

ஒன்று: 'புடிச்சிருக்கு' என்றாள். சுலபம். ஞாயிறு மலருக்கு அனுப்பினால் உடனே போடுவார்கள்.

இன்னொன்று: 'இனிமேதான் பாக்கணும்' என்றாள். எனக்கு இது பிடிக்கும். உடையப்பனுக்குப் பிடிக்காது.

மூன்றாவதாக, அவள் எதுவும் சொல்லாமல் அந்தப் பனியில் அவன் கையை

இல்லை, இதற்கு எனக்கு உரிமை கிடையாது.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். திரும்பும்போது வீரம்மா பின்பக்கம் ஏறவில்லை. நேராக வந்து முன்கதவைத் திறந்தாள். ராக்காயி, "பொண்ணு பொம்பளைங்களோட வரணும்லா!" என்றாள்.

"பின்னால தலை சுத்துது அத்தை," என்றாள் வீரம்மா. அன்றுதான் அவள் குரலைக் கேட்டேன். நல்ல கணீர்க் குரல்.

நான் பின்பக்கம் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் திரும்பினேன்.

(அடிக்குறிப்பு: சொல் தோட்டத்தில் தங்கிவிட்டது. "வர்ற மாசம் நாங்க பினாங்குக்கு ஹனிமூன் போறோம், முப்பது பேரு," என்று ராக்காயி சொல்லும்போது திருத்துவதில்லை. அவளுக்கு வயது அறுபத்தைந்து.)

வாசகரே, உங்களுக்கு எந்த முடிவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

7

இங்கேயே விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் (இது 1985), ஈப்போ புந்தோங்கில் அவர்கள் வீட்டுக்குப் போய் இதை வாசித்துக் காட்டினேன். வீரம்மா கச்சாங் பூத்தே கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். சேவல் ஓடும் கட்டம் வந்ததும் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். உடையப்பன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான், காதெல்லாம் சிவந்துபோய்.

"முடிவு வைக்கலையா அண்ணே?"

"நீதான்மா தரணும். அன்னைக்கு என்ன சொன்னே?"

அவள் உடையப்பனைப் பார்த்தாள். அவன் மெதுவாகத் தலையாட்டினான். எதற்கென்று எனக்குப் புரியவில்லை, அவளுக்குப் புரிந்தது.

"சொல்ல மாட்டேன்ணே," என்றாள் வீரம்மா. "அது எங்க ரெண்டு பேருக்குள்ள."