ஐ.நா.காரருக்குப் போர்த்திய துண்டு

சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கிய நாகஜோதியின் கண்ணில் முதலில் பட்டது புருஷன் அல்ல, துண்டுதான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் அசோக்குமாரின் ஆபீஸ் வாசலில் ஆளுயர பிளெக்ஸ். போன தீபாவளிக்கு அவள் கொடுத்தனுப்பிய சிவப்பு ஜரிகைத் துண்டை, கோட்டுப் போட்ட ஒரு அதிகாரியின் தோளில் போர்த்தியபடி பல்லெல்லாம் தெரிய நின்றான் அவள் புருஷன் அழகுராஜா. 'ஐ.நா. குழு பாராட்டிய நமது தொழிலாளர்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

பிரிட்டன்காரன் இன்னும் பிடியை விடாத ஏதோ ஒரு தீவில் ஓட்டல் கட்டப் போனவன். ஒப்பந்தம் முடிந்தும் கம்பெனி பாஸ்போர்ட்டைத் தரவில்லை. தீவு எப்படி ஆளப்படுகிறது என்று பார்க்க ஐ.நா.விலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும், காலைப் பிடித்தாவது சொல்லிவிடு என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாள். நம்மூர் வழக்கம் விடுமா? மந்திரியோ கலெக்டரோ, முதலில் பொன்னாடை, பிறகுதான் குறை. போர்த்தினான். கம்பெனிக்காரன் போட்டோ எடுத்தான். அதிகாரி கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார். பிரிட்டனோடு இருக்கிறீர்களா, தனியாகப் போகிறீர்களா என்று தீவுக்காரர்களிடம் கேட்கத்தான் அவர் வந்தாராம். கல் சுமந்தவன் அந்தக் கணக்கிலேயே இல்லை. இதைச் சொல்லி அவன் அழுதபோது அவளுக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மரியாதையாம், மண்ணாங்கட்டி.

உள்ளே அசோக்குமார், புதிதாகப் போகவிருந்த இரண்டு பேருக்குத் தீவின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் டீ சொல்லட்டுமா என்றார். பாஸ்போர்ட் எப்போது கிடைக்கும் என்று கேட்டாள்.

"ஐ.நா.வே பாத்துட்டு நல்லாருக்குன்னு போயிட்டாக. இதுக்கு மேல யார்ட்டம்மா சொல்லப்போற?"

நாகஜோதி எழுந்து வெளியே வந்தாள். ஜாக்கெட் தைப்பவள், பையில் கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும். காலில் தொடங்கி, இடுப்பு, தோள், தலை என்று புருஷனை வளைத்து வெட்டினாள். கை வந்ததும், துண்டையும் விடாமல் சேர்த்து வெட்டினாள். அசோக்குமார் பதறி ஓடி வந்தார்.

"ஏம்மா, என்ன பண்ற?"

"எம் புருசன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேண்ணே. இதுக்கும் பாஸ்போர்ட்டு வேணுமா?"

வெட்டியதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். ரோட்டைக் கடந்தபின்தான் திரும்பிப் பார்த்தாள். பிளெக்ஸில் அதிகாரி தோள் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஆள் வடிவத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியே, ஆபீஸ் வாசலில் கையில் பாஸ்போர்ட்டோடு நின்ற புது ஆள் ஒருவன் தெரிந்தான்.