மன்னர்களுக்கு டை கட்டும் வகுப்பு

என் மகனுக்கு அப்பா இல்லை என்ற செய்தி எனக்குத் தொலைபேசியில்தான் வந்தது. எமரியின் பள்ளியிலிருந்து பேசிய பெண், அவன் அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். ஜெனின் வேலைக்குப் போயிருக்கிறாள், நான் அவன் அப்பா லூஷியஸ் என்றேன். நீங்கள் அந்த வீட்டிலேயே இருக்கிறீர்களா என்று கேட்டாள். அவன் பிறந்ததிலிருந்து இருக்கிறேன் என்றேன். அவளிடம் இருந்த கேள்விகளில் அப்படியொரு பதிலுக்கு இடமில்லை போலும். என்னை 'வேறு உறவினர்' என்று போட்டுக்கொள்வதாகச் சொன்னாள்.

மில்வாக்கி நகரின் வடக்கே எங்கள் பகுதிப் பள்ளியில் 'நாளைய மன்னர்கள்' என்றொரு திட்டம் வந்திருந்தது. அதில் எமரியைச் சேர்க்கத்தான் அந்த அழைப்பு. கறுப்பினப் பையன்களுக்கு வழிகாட்டி, படிப்பில் கைதூக்கிவிடுவதற்காம். நடத்தியவர் டாக்டர் பிரென்டிஸ் கெய்தர்ஸ். எங்களைப் போலக் கறுப்பர்தான், ஆனால் எங்கள் தெருவைக் காரில் கடந்ததோடு சரி. கோட்டுப் பையில் மடித்த பட்டுக் கைக்குட்டை, வாயில் எப்போதும் புதிதாக ஏதாவது ஒரு வார்த்தை. எந்தப் பையனுக்கு என்ன வேண்டும் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கறுப்பா, ஆணா, அது போதும். கரையேற்றப்பட வேண்டியவன் என்று முடிவாகிவிடும்.

எமரிக்கு வேதியியல் என்றால் சாப்பாடு வேண்டாம். செவ்வாய்க்கிழமை ஆய்வகம் உண்டு என்பதற்காகவே அன்று சீக்கிரம் எழுந்திருப்பான். மன்னர்களின் கூட்டத்தையும் அதே நேரத்தில் வைத்தார்கள். ஆய்வகத்திலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டுபோய் டை கட்டக் கற்றுக்கொடுத்தார்கள், ஞாயிறுதோறும் சர்ச்சுக்கு டை கட்டிப் போகிற பையனுக்கு. பிறகு கைகுலுக்குவது எப்படி. அதற்கும் பிறகு, எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்ப்பது எப்படி.

வழிகாட்டி என்று டக்ளஸ் வில்ட் என்ற வங்கி அதிகாரியைக் கொடுத்தார்கள். அவர் எமரியை பர்கர் கடைக்கு அழைத்துப்போய்க் கூடைப்பந்து பற்றிப் பேசினார். எமரிக்குப் பந்தைப் பிடிக்கவே வராது. வில்ட் ஏமாற்றத்தில் மிச்ச நேரம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பர்கர் நன்றாக இருந்தது என்றான் எமரி.

ஆய்வகத்துக்குப் போகாதவனுக்கு மதிப்பெண் இறங்கத்தானே செய்யும். இறங்கியதும் கெய்தர்ஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பையன் ஆபத்தில் இருப்பது நிரூபணமாகிவிட்டதாம். இனி வியாழக்கிழமையும் வரவேண்டுமாம். ஆஸ்பத்திரியில் பாய்லர் பார்க்கிறவன் நான். அன்று வேலை உடுப்போடே அவர் அறைக்குப் போனேன்.

"கெமிஸ்ட்ரி கிளாஸ்லருந்து நீங்களே கூட்டிட்டு வந்துட்டு, கெமிஸ்ட்ரில மார்க் இல்லன்னு நீங்களே சொல்றீங்களே" என்றேன்.

"பிரதர், பிரச்சினை கெமிஸ்ட்ரி இல்ல. தான் யாருன்னு அவனுக்குத் தெரியல, அதான்."

"எமரி ரென்ஃப்ரோ. நாலு வயசுலயே ஸ்பெல்லிங்கோட சொல்லுவான்."

அவர் என் தோளைத் தட்டினார். என்னைப் போன்றவர்கள் பள்ளிப் படியேறி வருவதே இந்தத் திட்டத்தின் வெற்றி என்றார்.

வீட்டுக்கு வந்து, நாளையிலிருந்து அந்தப் பக்கம் போகாதே என்று எமரியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். போவேன் என்றான். காரணம் கோர்ட்லண்ட். அவன் எமரியின் வகுப்புத் தோழன்; வாட்டசாட்டமானவன், எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன். பின்னக் கணக்குகூட வராது என்பதை அந்தக் கேலியாலேயே வருஷக்கணக்காக மறைத்துவந்திருக்கிறான். கணக்கு சொல்லித் தருவார்கள் என்று நம்பி அவனாகவே இதில் சேர்ந்தவன். எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டபோதெல்லாம், முதலில் மனப்பான்மை மாறட்டும் என்றார் கெய்தர்ஸ்.

"அந்தாளு பேசறப்போ நாங்க ரெண்டு பேரும் கடைசி பெஞ்சுல உக்காந்து பின்னம் போடறோம்பா" என்றான் எமரி. "அங்க நடக்கிற பாடம் அது ஒண்ணுதான். நான் வந்துட்டா அவனுக்கு அதுவும் இல்ல."

போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வசந்தத்தில், நகரின் பெரிய ஓட்டல் ஒன்றில் புரவலர்களுக்கு விருந்து வைத்தார்கள். எங்களுக்குச் சமையலறைக் கதவை ஒட்டி மேசை. தட்டில் அட்டை மாதிரி கோழி. நன்றாகப் பேசுவான் என்று எமரியை மேடைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பேச வேண்டியதைக் கெய்தர்ஸே எழுதி, அன்று மாலைதான் அவன் கையில் கொடுத்திருக்கிறார். இது என் கதை இல்லையே என்று எமரி சொன்னதற்கு, இது எல்லாருக்கும் பொதுவான கதை என்றாராம்.

எமரி மேடையேறி முதல் வரியைப் படித்தான். நான் அப்பா இல்லாமல் வளர்ந்தவன் என்றிருந்தது அது. ஜெனின் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது. எமரி தாளைக் கீழே வைத்தான்.

"இது பொய்ங்க. எங்கப்பா அதோ, கிச்சன் கதவுகிட்ட உக்காந்திருக்காரு. என்னை எப்போ கெமிஸ்ட்ரி கிளாஸுக்குத் திரும்ப விடுவீங்கன்னு கேட்டுட்டே இருக்காரு. கணக்கு சொல்லிக்குடுங்கன்னு கோர்ட்லண்ட் கேட்டு வருஷமே முடியப்போகுது. எங்களுக்கு ஒரு கணக்கு வாத்தியார் போதும்."

நான் நாற்காலியைத் தள்ளி எழப் போனேன். அதற்குள் கெய்தர்ஸ் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா இந்தத் தைரியத்தை? போன வருஷம் இந்தப் புள்ளையால தலைநிமிர்ந்து பேச முடியாது. இதைத்தான் நாங்க குடுக்கிறோம்."

மொத்தக் கூடமும் எழுந்து கைதட்டியது. வில்ட் மூக்கைச் சிந்தினார். வெளியே வரும்போது முத்துமாலை போட்ட பெண்ணொருத்தி என் கையைப் பிடித்து, இப்படிப்பட்ட பையனுக்கு உங்களைப் போல ஒரு மாமா கிடைத்தது பாக்கியம் என்றாள். ஜெனின் என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். இல்லாவிட்டால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த செவ்வாயன்று வேதியியல் ஆசிரியை மிஸ் ஹாலின்ஸ் எமரியை அனுப்ப மறுத்துவிட்டார். விருந்தில் நடந்ததைக் கேள்விப்பட்டிருந்த பள்ளி முதல்வரும் அதைத் தடுக்கவில்லை. எமரி திட்டத்தை விட்டு நின்றான், கோர்ட்லண்டும் நின்றான். அவர்கள் போனதை மன்னர்களின் அலுவலகம் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அங்கே புதிதாக ஓர் ஆளை வேலைக்கு எடுத்தார்கள். கணக்கு வாத்தியாரை இல்லை, புகைப்படக்காரரை.

கோர்ட்லண்ட் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். எமரி அப்படியொன்றும் பொறுமைசாலி இல்லை. ஒரு நாள் அவன் அதட்டலில் கோர்ட்லண்ட் பென்சிலை வீசிவிட்டு, "நீ அந்த கெய்தர்ஸவிட மோசம்டா" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனான். அடுத்த வாரம் வந்து, ஜெனின் பொரித்த கெளுத்தி மீனை முதலில் ஒரு கை பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொடு என்று உட்கார்ந்தான். கோடையில் நடந்த கணக்குத் தேர்வில் மயிரிழையில் தேறினான்.

எமரிக்கு அந்த ஆண்டு வேதியியலில் வரவேண்டிய மதிப்பெண் வரவில்லை. தவறவிட்ட பாடங்களைப் புத்தகத்தை வைத்துத் தானே படித்துக்கொண்டான். ஆய்வகத்தில் செய்ய வேண்டியதைச் செய்ய வழியில்லை. அதை அவன் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிடு என்று நானும் சொல்லவில்லை.