முன்னறைக்கு வந்த வாத்துச் சேர்

என் மகள் வேல்விழி இரண்டு வயது முடிவதற்குள்ளாகவே பழகிவிட்டவள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒண்ணுக்கு வந்தால் என் சேலையைப் பிடித்து இழுப்பாள். புறவாசலில் குழாயடிக்குப் பக்கத்தில் அவளுக்கென்று மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாத்துச் சேர் கிடந்தது. அதில் தானே போய் உட்கார்ந்து, வாத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வேலை முடிந்ததும் "ஆயாச்சி!" என்று ஊரைக் கூட்டுவாள். கழுவிவிட அவளுடைய அப்பா ஓடுவார். பாதி ஷேவிங்கில் இருந்தாலும் ஓடுவார்.

அவர் இறந்த நாளோடு அதெல்லாம் நின்றுபோயிற்று.

துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறியும் அரிசியும் அனுப்புகிற கடையில் அவருக்கு வேலை. சரக்கு ஏற்றிவிட்டு வந்து கடை வாசலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கடை அண்ணாச்சி இரக்கம் உள்ளவர். கடையில் பில் போடுகிற வேலையை எனக்குத் தருவதாகச் சொன்னார். "ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்க வரைக்கும் இடத்த வச்சிருக்கேம்மா. அதுக்கு மேல கடை தாங்காது" என்றார். பகலில் பிள்ளையை விட ஜெபசெல்வி டீச்சர் வீட்டில் ஒரு காப்பகம் இருந்தது. அங்கே ஒரே ஒரு சட்டம்தான். ஒண்ணுக்கு வந்தால் சொல்லத் தெரியாத பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள்.

என் பிள்ளைக்குச் சொல்லத் தெரியும். ஆனால் சொல்வதில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, காலோடு காலைப் பின்னி, முகம் சிவக்க அடக்குவாள். அடக்கமுடியாமல் தரை நனையும். நனைந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். குளிப்பாட்டக் கூட்டிக்கொண்டு போனாலும் அழுகைதான். சளி பிடித்திருக்கிறது, தண்ணீர் பிடிக்கவில்லை என்று நினைத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். "பரவால்லடா" என்று சொல்லித் தரையையும் துடைத்தேன். நான் அவளை அடிக்கவில்லை. அடிக்கிற தெம்பும் அப்போது என் கையில் இல்லை.

என் கணவரின் அண்ணன் லிங்கராஜ் அத்தானுக்கு உடன்குடியில் பலசரக்குக் கடை. அவருக்கும் சண்முகசுந்தரி அக்காவுக்கும் பிள்ளை இல்லை. மே மாதத்தில் ஒரு நாள் அக்கா கருப்பட்டியும் முறுக்குமாக வந்து இறங்கினார். வந்த சற்று நேரத்திலேயே பீரோ பக்கம் தரை நனைந்ததைப் பார்த்துவிட்டார்.

"ஏளா செம்பகம், இப்படிக் கொஞ்சிக்கிட்டே கெடந்தேன்னா, கல்யாணத்தன்னைக்கும் இவ பீரோ பின்னாடிதான் நிப்பா."

"அவளா வருவாக்கா. வெரட்டாதீங்கன்னு டாக்டரும் சொன்னாவ."

"டாக்டருக்கு என்ன, அவரு வீட்டுத் தரையா நனையுது? நீ தள்ளு."

அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்குப் போய் வாத்துச் சேரில் உட்கார வைத்தார். தண்ணீர் பட்டால் தானாக வரும் என்று ஒரு சொம்பு மொண்டு அவள் காலில் ஊற்றினார். வேல்விழி வீறிட்டாள். மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. உதடு கறுத்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பிடுங்கி எடுத்து முதுகைத் தட்டிய பிறகுதான் சத்தம் வந்தது.

அக்கா பயந்துபோய்ச் சொம்போடு நின்றார். சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தார்.

"கோவப்படாத. நான் ஒண்ணு சொல்லுதேன். இவள எங்ககூட அனுப்பிரு. எங்க வீட்டுல நாள் பூரா ரெண்டு பேரும் செவரப் பாத்துக்கிட்டு இருக்கோம். நீ நிம்மதியா வேலைக்குப் போ. வாரத்துக்கு ஒருக்க வந்து பாரு. பள்ளிக்கூடம் தொறக்கதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம அத்தான் கார் எடுத்துட்டு வாராவ."

"ரொம்பச் சின்னப் பிள்ளைக்கா."

"அதனாலதாம்ளா சொல்லுதேன். வளந்துட்டா எங்ககிட்ட ஒட்டுமா?"

அந்தக் குரலில் சூது எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

அக்கா ஊருக்குப் போன பிறகு ஒரு மத்தியானம். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வேல்விழி தன் பொம்மையை ஸ்டூலில் சாய்த்து உட்கார வைத்தாள். என் துப்பட்டாவை எடுத்து நாற்காலியில் போட்டு ஒரு மறைப்புக் கட்டினாள். வெறும் டம்ளரால் பொம்மை தலையில் மூன்று தடவை ஊற்றினாள். பிறகு அதைப் படுக்க வைத்து, முகம் வரைக்கும் துணியால் மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"பாப்பா எங்க போயிட்டா?" என்று கேட்டேன்.

"குளிச்சாச்சி. போயாச்சி" என்றாள்.

துணியை அப்படியே போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்த அன்று, ஆண்கள் போய்க் குடத்தில் நீர்மாலை எடுத்து வந்தார்கள். அந்தத் தண்ணீரைக் கொண்டு உடலைக் குளிப்பாட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். புறவாசலில், குழாயடியில், பிள்ளையின் வாத்துச் சேரை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்கள். சுற்றிலும் பெண்கள் சேலையை விரித்து மறைப்புப் பிடித்தார்கள். பிள்ளையை அப்புறம் கொண்டுபோக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் நினைவு ஓடவில்லை. அக்காவின் இடுப்பில்தான் அவள் இருந்தாள். அழுதுகொண்டிருந்த பிள்ளையைச் சமாதானப்படுத்த அக்கா சொன்னது எனக்கு இப்போது காதில் கேட்டது. "அப்பா குளிச்சிட்டு ஊருக்குப் போறாவ, டாட்டா சொல்லு." அவளும் சொன்னாள்.

அன்றைக்கே வாத்துச் சேரைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, முன்னறை ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தேன். அதில் உட்காரச் சொல்லி அவளைக் கூப்பிடவில்லை. பொம்மையை உட்கார வைத்தேன். "பாப்பா இருந்தா. எந்திச்சா. சோறு தின்ன வந்துட்டா" என்று பொம்மைக்கு ஊட்டினேன். வேல்விழி தூரத்தில் நின்று பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். பிறகு பொம்மையைத் தானே உட்கார வைத்து, எழுப்பி, கதவு வரை போய் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். ஜட்டியோடு ஒரு நாள் உட்கார்ந்தாள். நான் கைதட்டவில்லை, தட்டினால் எழுந்துவிடுவாள் என்று பயம். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். இன்னொரு நாள், உரித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். அவளும் குனிந்து பார்த்தாள். "சமத்து" என்றேன். தண்ணீர் எடுக்காமல் ஈரத்துணியால் துடைத்தேன்.

ஆனால் முன்னறையில் மட்டும்தான். நான் பக்கத்தில் இருந்தால் மட்டும்தான்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை டீச்சர் ஒத்திகையாகக் கொண்டுவந்து விடச் சொன்னார். வாத்துச் சேரையும் எடுத்துக்கொண்டு போய், ஹாலில் ஒரு மூலையில் வைக்க முடியுமா என்று கேட்டேன். "பிள்ளைங்க சாப்புடுத இடம்மா. மத்த தாய்மாருக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. கழிப்பறை பின்பக்கம் இருந்தது. வாளி, குழாய், சொம்பு எல்லாம் இருந்தன. மதியத்துக்குள் போன் வந்துவிட்டது. நனைந்த உடுப்பைப் பையில் கட்டிக் கையில் கொடுத்தார். "ஆறு மாசம் போகட்டும், கொண்டாங்க. நல்ல பிள்ளதான்."

ஆறு மாதம் எந்தக் கடை காத்திருக்கும்? சனிக்கிழமை இரண்டு தடவை அவளுடைய துணிகளைப் பையில் எடுத்து வைத்து இரண்டு தடவையும் வெளியே எடுத்தேன். மூன்றாவது தடவை ஜிப்பை இழுத்து மூடி வாசலில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானும் அக்காவும் வந்தார்கள். அக்கா புதுச் சட்டை, புது மெத்தை எல்லாம் வாங்கியிருந்தார். அத்தான் வாசலில் இருந்த பையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். காபி கொடுத்துக்கொண்டிருக்கும்போது வேல்விழி என் சேலையை இழுத்தாள். அப்பா போன பிறகு இழுப்பது அதுதான் முதல் தடவை. ஜன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளையும் பெரிய ஆளாக மதித்து, அத்தான் மரியாதையாய்ச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அட, என் ராசாத்தி! சொல்லிட்டாளே!" என்று அக்கா சிரித்தார்.

முடித்து எழுந்த பிள்ளை சிரிக்கவில்லை. என் இரண்டு கன்னத்தையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ம்மா, நான் போவலேல்ல?"

அத்தான் திரும்பினார்.

"என்னளா கேக்கா?" என்றார் அக்கா.

"போவலடா" என்று பிள்ளையிடம் சொன்னேன். பிறகு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த டாட்டாவை மட்டும் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது. அதனால் அதையும் சொன்னேன்.

அக்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். "அழுத பிள்ளைய அமத்தத்தான சொன்னேன்... வேற என்ன சொல்ல? நீயே சொல்லு, அந்தப் பச்சப் பிள்ளகிட்ட வேற என்னத்தச் சொல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏளா, எந்திரி" என்று அக்காவிடம் சொன்னார் அத்தான். வாசலுக்குப் போய்த் துணிப்பையைத் தூக்கி வந்தார். காருக்குக் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன். உள்ளே கொண்டுவந்து பீரோ மேல் வைத்தார். புது மெத்தையையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். கார் தெரு திரும்பும் வரை அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் கடைக்குப் போன் செய்தேன். "சரிம்மா, பிள்ளையப் பாரு. நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று அண்ணாச்சி வைத்துவிட்டார்.

அன்றைக்கும் ஒரு தடவை பீரோவுக்குப் பின்னால் தரை நனைந்தது. "பரவால்லடா" என்று துடைத்தேன். துணியை அலசப் புறவாசலுக்குப் போனேன். வேல்விழி நிலைப்படி வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் வரவில்லை. நான் குழாயைத் திறந்து, அலசி, பிழிந்து, கொடியில் விரித்துவிட்டுத் திரும்பி வருகிற வரைக்கும், கதவைப் பிடித்துக்கொண்டு கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.