வாடை வெளியே போகக் கூடாது

சிம்னி தன்னால் ஆன மட்டும் சொல்லிப் பார்த்தது. காவேரிதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் சத்தம் மாறியது. பொத்தானை அழுத்தினால் உஸ்ஸென்று புகையை இழுத்துக்கொண்டிருந்தது, தொண்டை கட்டியவர் மாதிரி கரகரக்க ஆரம்பித்தது. பிறகு பொத்தானே பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. அடியில் இருக்கும் வலைத்தட்டைக் கழற்றிச் சோடா உப்பும் வெந்நீருமாக ஊறப்போட்டுத் தேய்த்தாள். தட்டு பளபளவென்று ஆனது, இழுவை மட்டும் திரும்பவில்லை. தாளித்தால் புகை மேலே போகிற மாதிரி போய், என்ன நினைத்துக்கொண்டதோ, அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. ஒரு காலையில் பாப்பாவுக்குக் காய்ச்சிய பாலில் மேலிருந்து பழுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. பாலைக் கொட்டிவிட்டு வேறு பால் காய்ச்சினாள். இதற்கு மேல் ஒரு இயந்திரம் எப்படித்தான் சொல்லும்?

சர்வீஸுக்குப் போன் பண்ணாமலும் இல்லை. ஹம்மாத் என்கிற மெக்கானிக் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வலையக் கழுவினா போதாதும்மா. உள்ள ஃபேன்ல, பைப்ல எல்லாம் எண்ணெ இறுகிக் கெடக்கும். மொத்தமா கீழ எறக்கிதான் கிளீன் பண்ணணும். சும்மா வுட்டா அடுப்புத் தீ மேல ஏறிடும். பைப்பு வெளிய எங்க போவுது? அந்த முனையும் பாக்கணும்," என்றார்.

முனை என்றதும் காவேரி பேச்சை வெட்டினாள். "வீட்டுக்காரர் ஊர்ல இல்ல, வந்ததும் சொல்றேன்," என்று போனை வைத்துவிட்டாள். புருஷன் பாரத் கூடத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த முனையில் ஒரு பழைய துண்டை அவளே அடைத்து வைத்திருந்தாள்.

பைத்தியம் என்று சொல்லிவிடலாம், சுலபம்தான். மயிலாப்பூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். முன்பு அவர்கள் சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டி இருந்தார்கள். மழை வந்தால் சுவர் முழுக்க பூஞ்சணம். பாப்பாவுக்கு மூன்று வயது முடிவதற்குள் வீசிங் வந்துவிட்டது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். காற்றும் வெயிலும் வருகிற வீடாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்த்த வீட்டிலெல்லாம் பேர் கேட்பதற்கு முன்னால், நீங்கள் வெஜ்ஜா என்றுதான் கேட்டார்கள். இந்த வீட்டின் சொந்தக்காரர் பத்ரிநாராயணன் சாரும் அதையேதான் கேட்டார். "சுத்த சைவம் சார்," என்றான் பாரத், கண்ணைக்கூட இமைக்கவில்லை. பட்டினப்பாக்கம் கரையில் மீன் கூறு போட்டு விற்கிற கெங்கம்மாவின் மகள் காவேரி, பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

ஆனால் வந்தது பலித்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பாப்பா நிம்மதியாக மூச்சுவிட்டாள். அதற்காக ஒரு பொய் என்ன, ஒன்பது பொய் சொல்லவும் காவேரி தயாராக இருந்தாள்.

மீனை விட முடிந்ததா என்றால், அது முடியவில்லை. கெங்கம்மா விடுகிற ஆளும் இல்லை. குளித்து, புடவை மாற்றி, ஆய்ந்த மீனை டப்பாவில் போட்டு, மேலே முருங்கைக்கீரையைப் பரப்பி எடுத்துக்கொண்டு வருவாள். "எம் பேத்தி மீன் துன்னாமயா வளரணும்?" என்பாள். காவேரி ஜன்னலைச் சாத்திவிட்டு, சிம்னியை முழு வேகத்தில் வைத்து, பயந்து பயந்து வறுப்பாள். பாப்பாவை உள்ளறையில் விட்டுக் கதவை மூடிவிட்டுக் கூடத்தில் சாம்பிராணி போடுவாள். அடிக்கடி சாம்பிராணி மணப்பதைப் பார்த்து, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியா என்று மாடியில் இருக்கும் சார் வீட்டு மாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மாமியேதான் ஒரு நாள் படியில் நிறுத்திச் சொன்னாள். "எங்காத்து பால்கனில துணி எடுக்கப் போனா என்னமோ ஒரு வாடை வரதுடீ. சமுத்திரக் காத்தோ என்னமோ, தெரியலை."

சிம்னிக் குழாயின் வாய் அந்த பால்கனிக்கு நேர் கீழேதான் இருந்தது. காவேரி அன்றைக்கே கிரில் வழியாகக் கையை நீட்டி, துண்டைச் சுருட்டி அதற்குள் திணித்தாள். புகை வெளியே போகத்தான் சிம்னி. வெளியே போகக் கூடாது என்று வாயையும் அடைத்துவிட்டு, உள்ளே சுவிட்சையும் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு ஒரு தைரியம், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாரத்துக்குப் பெருங்குடியில் டூட்டி. மாடியில் ஒரே அமர்க்களம். சாரின் மகன் அஸ்வின் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான், உறவுக்காரர்கள் சாப்பிட வருகிறார்கள். காலையிலேயே மாமி இறங்கி வந்து, "எங்காத்து ஃபிரிட்ஜ் ரொம்பி வழியறது. பாலையெல்லாம் இங்க வெச்சுட்டுப் போறேன், வேணுங்கறப்போ வந்து எடுத்துக்கறேன்," என்று அடுக்கிவிட்டுப் போனாள். அவள் போன சற்று நேரத்தில் கெங்கம்மா வந்து நின்றாள். கீரைக்கு அடியில் நெத்திலி.

"யம்மா, இன்னிக்கு வேணாம்மா. ஃபிரிட்ஜ்ல வெக்கக்கூட முடியாது. மாமி பால் வெச்சிருக்காங்க, எப்ப வேணா வந்து தொறப்பாங்க."

"அப்ப வறுத்துடு. நீ சொல்ற நாளு வரைக்கும் நெத்திலி காத்துக்கினு கீதா இன்னா?" கெங்கம்மாவுக்குக் கடை கிடந்தது, போய்விட்டாள்.

தூக்கிப் போட்டிருக்கலாம். கரையில் பிறந்தவளுக்கு மீனைக் குப்பையில் போடக் கை வராது. மாமி வருவதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, அவசரத்தில் அடுப்பைப் பெரிதாக வைத்தாள். முதல் ஈடு பொன்னாக வந்தது. இரண்டாவது ஈட்டைப் போடும்போது சமையலறை முழுக்கப் புகை மண்டிவிட்டது. கூடத்தில் பாப்பா இருமினாள். பாவம் என்று ஜன்னலை ஒரு சாண் திறந்துவிட்டாள்.

அப்போதுதான் மேலே இருந்து சொட்டு விழுந்தது. இந்தத் தடவை தீயில் விழுந்தது. குப்பென்று தீ எழும்பி வலைத்தட்டை நக்கியது. அடுத்த மூச்சில் சிம்னியின் அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய்க்குள் ஓவென்று ஒரு சத்தம் ஏறியது.

காவேரி முதலில் ஜன்னலைச் சாத்தினாள்.

பிறகு வறுத்த மீன் இருந்த தட்டை எடுத்து, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் தள்ளினாள். அதற்குப் பிறகுதான் அடுப்பை அணைத்து, வாணலியை மூடி, சிம்னி சுவிட்சை நிறுத்தினாள். தீ நிற்கவில்லை. பிளாஸ்டிக் கருகும் நெடி வந்தது. பச்சை மீன் இருந்த டப்பாவை எங்கே வைப்பது என்று கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

வாசல் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. "காவேரி! என்னம்மா பொகையறது? உள்ள யாரு இருக்கேள்?" பத்ரி சாரின் குரல்.

"ஒண்ணுமில்ல சார்! மொளகா கருகிடுச்சு!"

டப்பாவைத் துணி துவைக்கிற மெஷினுக்குள் போட்டு மூடினாள். சாம்பிராணித் தூள் எங்கே என்று தேடினாள். ஆமாம், தேடத்தான் தேடினாள். கதவு மறுபடி தட்டப்பட்டது. இப்போது இன்னும் பலமாக, கூடவே அஸ்வினின் குரலும். கூடத்தில் பாப்பாவின் இருமல் நின்றுபோயிருந்தது. அதற்குப் பதிலாக அந்த விசில் கேட்டது. சைதாப்பேட்டை வீட்டில் கேட்டுக் கேட்டு அவள் தூக்கத்தைத் தின்ற அதே சத்தம்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

அஸ்வின் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, மாடிப்படியில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரைக் கொண்டுவந்து அடித்தான். வெள்ளைப் பொடி சமையலறை முழுக்கப் பறந்தது. சார் அதற்கெல்லாம் நிற்கவில்லை. பாப்பாவை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வயதில், செருப்பில்லாமல் தெருமுனை கிளினிக்குக்கு ஓடினார். காவேரி பின்னால் ஓடினாள். பாப்பாவின் உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. அதைப் பார்த்த கண்ணைப் பிடுங்கிப் போட்டால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

முகத்தில் மாஸ்க்கை வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். நல்லவேளை, மெல்ல மெல்ல மூச்சு சீரானது. மாமி வந்து, "பொகை அடங்கற வரைக்கும் எங்காத்துல தூங்கட்டும்," என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ஹம்மாத் வந்து சிம்னியைக் கீழே இறக்கினார். கறுப்புக் களிம்பு கட்டி கட்டியாக வந்தது. வெளியே போய்க் குழாயின் வாயிலிருந்து பாதி எரிந்த துண்டை உருவிக்கொண்டு வந்து தரையில் போட்டார்.

"இத யாரும்மா அடச்சது?"

பத்ரி சார் வாசற்படியில் நின்றிருந்தார். பொடியையும் புகையையும் தாண்டி நெத்திலி மணம் அறையில் நின்றது. யாரும் மோப்பம் பிடிக்கத் தேவையில்லை.

"நான்தான்," என்றாள் காவேரி.

மத்தியானம் முழுக்க அவள் மனசுக்குள் பதில்களை அடுக்கி வைத்திருந்தாள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டால் ஒன்று. ஏன் துண்டை அடைத்தாய் என்றால் ஒன்று. வீட்டைக் காலி பண்ணு என்றால் காலில் விழுந்துவிடுவது என்று முடிவே செய்திருந்தாள்.

சார் துண்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அதட்டவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"கொழந்தை உள்ள இருமிண்டிருந்தது, எனக்கே வெளில கேட்டுது. ரெண்டு தரம் வந்து தட்டினேன். ஏம்மா கதவைத் தொறக்கலை?"

இந்தக் கேள்விக்கு அவள் பதில் வைத்திருக்கவில்லை. வாய் தானாகவே திறந்தது.

"மீன ஒளிச்சு வெச்சிக்கினு இருந்தேன் சார்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.